நிழல் கேட்கும் உருண்டைக் கள்ளி: கேள்வியும் பதிலும்

ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி என்ற சின்ன உருண்டைக் கள்ளியைப் பற்றி ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால், எல்லோரும் ஒரே இடத்தில் கேட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெயர்தான் நீளம். செடி, முழுசாக வளர்ந்தாலும் எலுமிச்சம்பழத்துக்கும் சாத்துக்குடிக்கும் இடைப்பட்ட அளவுதான். நர்சரியில் முக்கோணப் பச்சைத் தண்டின் தலையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓர் உருண்டையை உட்காரவைத்து மூன் கேக்டஸ் என்று விற்கிறார்களே, அதன் மூலம் இந்தக் கூட்டம்தான். செங்கல்பட்டில் மொட்டைமாடியில் பதினான்கு வருஷமாக வளர்க்கிறேன். கொன்ற கணக்கும் கொஞ்சமில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாடித்தோட்டக்காரன், தாம்பரம்: அக்கா, சிவப்பு மூன் கேக்டஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அடித்தண்டு மஞ்சளாகிச் சுருங்கிக்கொண்டே வருகிறது, மேலே உருண்டை மட்டும் ஜம்மென்று இருக்கிறது. உருண்டையை அறுத்து மண்ணில் நட்டால் வேர் விடுமா?

வேர் விட்டாலும் பிழைக்காது தம்பி. அந்த உருண்டையில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத செடி வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ள முடியாது, கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்டு டிராகன் பழக்கொடி, வேறொரு கள்ளி. இரண்டையும் ஒட்டுப் போட்டு விற்கிறார்கள். தண்டு போனால் உருண்டை தன்னிடம் சேர்த்துவைத்ததைத் தின்றுகொண்டு சில வாரம் தாக்குப்பிடிக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும், அப்புறம் ஒருநாள் சுருங்கிவிடும். அதனால் ஜம்மென்று இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே வேறு தண்டில் மாற்றி ஒட்டுங்கள். எப்படி என்று கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார், அங்கே விவரமாகச் சொல்கிறேன்.

சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். பச்சையம் இருக்கும்போது அது மறைந்திருக்கும், பச்சையம் போனதும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். பீட்ரூட்டில் கையைச் சிவக்கவைக்கும் அதே வகை நிறமி. கள்ளி, பீட்ரூட், தண்டுக்கீரை, காகிதப்பூ நாலும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை, நாலிலும் இந்த நிறமி உண்டு. செம்பருத்தியிலும் ரோஜாவிலும் இருக்கிற சிவப்பு வேறு ரகம்.

இலைக்காதலி: மேடம், இதை யார் கண்டுபிடித்தார்கள்? மரபணு மாற்றம் செய்ததா? எனக்கு அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றும் இல்லை. 1941ல் ஜப்பானில் வாட்டனாபே என்ற நாற்றுக்காரர் இந்தக் கள்ளியின் விதைகளை ஆயிரக்கணக்கில் விதைத்தார். முளைத்ததில் ஒருசில மட்டும் பச்சையே இல்லாமல் சிவப்பாக இருந்தன. இப்படிப் பச்சையம் இல்லாமல் முளைப்பது நெல் நாற்றங்காலில்கூட எப்போதாவது நடக்கும், வெள்ளையாக நாலு நாள் நின்று செத்துப்போகும். அவர் சாகவிடாமல் சட்டென்று வேறொரு கள்ளியின் மேல் ஒட்டிவிட்டார். அந்த அவசர புத்திதான் இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிறது. ஜப்பானியர்கள் வைத்த பெயர் ஹிபோடான், சிவந்த பியோனி மலர் என்று பொருள். இப்போது பெரிய அளவில் ஒட்டுக்கட்டி ஏற்றுமதி செய்கிறவர்கள் தென்கொரியர்கள். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் அதற்குப்பின் தேர்ந்தெடுத்து வளர்த்தவை.

ஒரு சின்னத் திருத்தம், சுத்தம் பார்க்கிறவர்களுக்காக: சிவப்பு பிறந்தது மிஹானோவிச்சியின் பிரெட்ரிச்சி என்ற வகையில். சில தாவரவியலாளர்கள் அதைப் பிரித்து ஸ்டெனோப்ளூரம் என்று தனி இனமாக வைத்திருக்கிறார்கள். வளர்க்கிற நமக்கு இரண்டும் அக்கா தங்கை, கவனிப்பு ஒன்றுதான்.

சேலத்து வாசகர்: அசல் பச்சைச் செடி எப்படி இருக்கும்? நர்சரியில் பார்த்ததே இல்லை. அந்த வாயில் நுழையாத பெயர் ஏன்?

நர்சரியில் இருந்தாலும் கண்ணில் படாது, ஏனென்றால் அது பச்சையாகவே இருக்காது. சாம்பலும் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல் நிறம். எட்டு விலா, ஒவ்வொன்றும் கூர்மையான வரப்பு மாதிரி நிற்கும். அந்த விலாக்களின் குறுக்கே வெளிர்கோடுகள் பட்டை பட்டையாக ஓடும், நெற்றியில் விபூதி இட்ட மாதிரி. அதுதான் இதன் அழகே. முள் முளைக்கிற ஒவ்வொரு கண்ணிலும் ஐந்தாறு முள், ஒரு செ.மீ. அளவு, வளைந்து பலமில்லாமல் இருக்கும், குத்தினாலும் திட்டத் தோன்றாது.

பெயருக்குக் கதை இருக்கிறது. செக் நாட்டுக்காரர் ஆல்பெர்டோ ஃபிரிச், இருபது வயசு சுமாருக்கு தென்அமெரிக்காவில் கள்ளி தேடி அலைந்தவர், பராகுவேயில் இதைக் கண்டெடுத்தார். 1905ல் முறைப்படி பெயர் வைத்தபோது, நிக்கோலாஸ் மிஹானோவிச் என்ற கப்பல் முதலாளியின் பெயரைச் சூட்டினார்கள். குரோஷியாவில் பிறந்து அர்ஜென்டினாவில் பெரும் கப்பல் தொழில் நடத்தியவர். அந்த ஊரில் ஆறுதான் சாலை, படகுக்காரரின் தயவு இல்லாமல் கள்ளி தேடப் போகமுடியாது! ஜிம்னோகாலிசியம் என்பது கிரேக்கம், அம்மணமான மொட்டு என்று அர்த்தம். மற்ற கள்ளிகளின் மொட்டில் முடியோ முள்ளோ இருக்கும், இதன் மொட்டு செதில் மட்டும் போர்த்தி வழுவழு என்று இருக்கும். வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஜிம்னோ என்றே சொல்வோம்.

கோவை குளிர்காற்று: கள்ளிதானே, வெயில் வேண்டும் என்று ஏப்ரல் மாதம் தெற்குப் பக்கம் திறந்தவெளியில் வைத்தேன். பத்து நாளில் ஒரு பக்கம் வெளுத்து, இப்போது காகிதம் மாதிரி ஆகிவிட்டது. நோயா? மருந்து உண்டா?

நோய் இல்லை, சூடு. வெந்த தோல் திரும்பாது, அந்தத் தழும்பு செடி இருக்கும்வரை இருக்கும். புதுசாக மேலே வளர்வது நன்றாக வரும், வளர வளர தழும்பு கீழே இறங்கிவிடும், அதுவரை அந்தப் பக்கத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பிவையுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்தே இருக்கிறேன். கள்ளி என்றதும் நமக்கு மனசில் வருவது மணலும் மொட்டை வெயிலும். இந்தச் செடியின் ஊர் பாலைவனமே இல்லை. பராகுவேயிலும் அர்ஜென்டினாவின் வடகிழக்கிலும் பரந்து கிடக்கிற சாக்கோ, முள்ளுக்காடு, நம் ஊர்க் கருவேலங்காட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நிஜம்தான், ஆனால் ஜிம்னோ இருப்பது புதருக்கு அடியில், உதிர்ந்த இலைக்குப்பைக்குள் பாதி புதைந்து. மேலே விழுவது இலை இடுக்கில் சிதறிவரும் வெளிச்சம்தான். அந்த மங்கல் நிறமே அதற்குத்தான், தரையோடு தரையாகத் தெரியாமல் கிடக்கும்.

அதனால் காலை வெயில் ஒன்பது, ஒன்பதரைவரை நேராகப் படலாம். அதற்குமேல் பச்சை நிழல்வலை, ஐம்பது சதம் போதும். கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. வெளிச்சம் அதிகமானால் முதலில் செந்நிறமாகும், அது எச்சரிக்கை, கொஞ்சம் அழகும்கூட. வெளுத்தால் எல்லை தாண்டிவிட்டது. மறுபக்கம், ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டு உருண்டை ஏன் கூம்பாகிறது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நிழல் என்றால் இருட்டு இல்லை. புத்தகம் படிக்க விளக்கு போடவேண்டிய இடத்தில் எந்தக் கள்ளியும் வேண்டாம்.

மண்வாசனை: மண் கலவை அளவு சொல்லுங்கள். நான் கோகோபீட்டும் மணலும் பாதிப்பாதி போட்டேன்.

கோகோபீட் தேங்காய் நார்க்கழிவு, நனைந்தால் ஈரத்தை லேசில் விடாது. நர்சரிக்காரர்களுக்கு அது லேசாக இருப்பதால் வசதி. வாங்கி வந்ததும் நான் செய்கிற முதல் வேலை அதை வேரிலிருந்து உதிர்ப்பதுதான்.

என் கலவை: சலித்த செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, கரடுமுரடானது மூன்று பங்கு. கரடுமுரடு என்றால் பியூமிஸ் என்கிற எரிமலை நுரைக்கல் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வெள்ளைப் பொரி மாதிரி இருக்கிற பெர்லைட், அதுவும் இல்லாவிட்டால் உடைத்த செங்கல், மிளகு அளவுக்கு, தூசியைச் சலித்து எறிந்துவிட்டு. எம்-சாண்ட் போடுவதானால் மாவு போகக் கழுவிப் போடுங்கள், கழுவாவிட்டால் சிமெண்ட் மாதிரி கெட்டியாகும். கருக்கிய உமி ஒரு கைப்பிடி. மற்ற கள்ளிக்காரர்கள் இலைமக்கைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், நான் சொன்னேனே, இது குப்பைக்குள் வளர்கிற செடி, கொஞ்சம் சத்து கேட்கும். தொட்டி சின்னதாக இருக்கட்டும், செடியைவிட ஒரு விரல் அகலம் கூடுதல். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும்.

ஒருவரிக் கேள்வி: வாரம் எத்தனை தடவை தண்ணீர்?

வாரக்கணக்கில் பதில் சொன்னால் அடுத்த மாதம் என்னைத்தான் திட்டுவீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் ஊற்றுங்கள், கனமாக இருந்தால் நகருங்கள். சந்தேகம் என்றால் ஊதுபத்திக் குச்சியைச் செருகி எடுங்கள், மண் ஒட்டினால் இன்னும் இரண்டு நாள். எனக்கு இங்கே பிப்ரவரி, மார்ச்சில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை வரும், கத்திரி வெயிலில் நாலு நாள், மழைக்காலத்தில் சில மாதம் மொத்தமே இரண்டு தடவை. ஊற்றினால் அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள், ஸ்பூனில் தெளிக்கிற வேலை வேண்டாம். சாயங்காலம் ஊற்றுவது நல்லது. கள்ளிகள் பகலில் தோலின் துளைகளை மூடிவைத்துக்கொண்டு ராத்திரிதான் மூச்சுவிடும், மத்தியானம் சுடுமண்ணில் ஊற்றினால் வேர் வெந்துபோகும்.

இன்னொன்று, போர்வெல் தண்ணீர். நம் பக்கத்தில் பாதிப்பேருக்கு உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர்தான். ஜிம்னோவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும், சுண்ணாம்பு சேரச் சேர வேர் வேலைநிறுத்தம் செய்யும், செடி ஒரு வருஷமாக அப்படியே நிற்கும், என்ன காரணம் என்றே தெரியாது. மண் மேலும் உடம்பிலும் வெள்ளைப் படிவு தெரிந்தால் இதுதான். மழைத்தண்ணீர் ஒரு டிரம் பிடித்துவையுங்கள். ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரில் சுண்ணாம்பு இருக்காது, அதையும் ஊற்றலாம், நான் அதைத்தான் ஊற்றுகிறேன்.

அடையாறு அம்மா: ஒவ்வொரு ஐப்பசியிலும் என் கள்ளிகள் அழுகிப்போகின்றன. போன வருஷம் ஏழு. இனிமேல் வாங்குவதா வேண்டாமா என்று சொல்லிவிடுங்கள் அம்மா.

வாங்குங்கள், ஆனால் புரட்டாசி முடிவதற்குள் கூரை போடுங்கள். சாக்கோவில் மழை வெயில் காலத்தில் வரும். சூடும் ஈரமும் சேர்ந்து வரும், குளிர் வரும்போது மண் காய்ந்திருக்கும். சென்னையில் தலைகீழ், வெளிச்சம் குறைந்து செடி தூங்கப்போகிற அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான் மழை கொட்டித்தீர்க்கிறது. தூங்குகிற செடி தண்ணீர் குடிக்காது, வேர் ஊறி அழுகும். என் முதல் வருஷத்தில் பதினொன்று போயிற்று, உங்களுக்கு ஏழுதான். பாலிகார்பனேட் தகடோ கெட்டியான பிளாஸ்டிக்கோ மேலே, நாலு பக்கமும் காற்று. காற்று முக்கியம். கூண்டு மாதிரி மூடினால் மழைக்குப் பதில் வியர்வையில் அழுகும்.

அழுகல் பிடித்ததா என்று அடியில் லேசாக அழுத்திப் பார்த்தால் தெரியும். மெத்தென்று அமுங்கினால் உடனே பிடுங்கி, பழுப்பு போகும்வரை அறுத்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து. சுத்தமான சதை வந்ததும் வெட்டுவாயை நிழலில் பத்து, பதினைந்து நாள் காயவைத்துவிட்டு உலர்ந்த கலவையின் மேல் சும்மா உட்காரவைத்தால் போதும். பச்சைச் செடியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வேர் விடும்.

புதுக்கத்தி: ஒட்டுப் போடுவது எப்படி? இரண்டு தடவை செய்தேன், இரண்டும் மூன்றாம் நாள் கழன்று விழுந்தது.

கழன்றதற்குக் காரணம் அநேகமாக விளிம்பைச் சீவாததுதான். வெட்டினதும் நடுச்சதை காய்ந்து குழியும், ஓரத்துத் தோல் கெட்டி, அது குழியாது. இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்த மாதிரி நடுவில் இடைவெளி விழுந்துவிடும். அதனால் தண்டைச் சமமாக வெட்டியதும் மூன்று மூலைகளின் தோலையும் பென்சில் சீவுகிற மாதிரி சாய்வாகச் சீவிவிடுங்கள், உருண்டையின் அடியிலும் அப்படியே. அப்புறம் இரண்டு வெட்டுவாயிலும் நடுவே ஒரு சின்ன வளையம் தெரியும், அதுதான் தண்ணீரும் சத்தும் ஓடுகிற குழாய்த்திசு. வளையத்தின் மேல் வளையம் படவேண்டும். அளவு வேறாக இருந்தால் நடுவுக்கு நடு வைக்காமல் கொஞ்சம் தள்ளிவையுங்கள், இரண்டு வட்டமும் எங்காவது வெட்டிக்கொண்டால் போதும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் இல்லாமல் ஒரு கோடை முழுக்க வீணாக்கினேன்.

வைத்ததும் லேசாக அழுத்தித் திருகிக் காற்றை வெளியேற்றிவிட்டு, ரப்பர் பேண்டை தொட்டியின் அடியோடு சேர்த்து குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. புதுப் பிளேடு, ஸ்பிரிட் துடைப்பு. பத்து நாள் நிழல், வெட்டுவாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மாசியிலிருந்து ஆடிவரை நல்ல காலம், அடைமழையில் கத்தியையே தொடாதீர்கள்.

எந்தத் தண்டு என்றால், டிராகன் பழக்கொடி மலிவு, சீக்கிரம் வேர் விடும், மேலே இருப்பதை ஊட்டி ஊட்டி வளர்க்கும். ஆயுள்தான் குறைவு. மேலே இருப்பது நிழல் கேட்கும், கீழே இருப்பது வெளிச்சம் கேட்கும், இந்தக் கல்யாணம் இரண்டு மூன்று வருஷம் ஓடினாலே பெரிது. நீண்டநாள் வேண்டுமென்றால் மிர்டிலோகாக்டஸ், நீலம் பூத்த தண்டாக இருக்கும், பெரிய கடைகளில் கிடைக்கும்.

நாகர்கோவில் நந்தவனம்: விலா இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி. துடைத்தால் மறுபடி வருகிறது.

மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை, நாலு வாரம். முட்டை மிஞ்சிவிடும் என்பதால்தான் நாலு வாரம். துடைத்தும் வருகிறது என்றால் வேரில் இருக்கும், செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் வெள்ளை மாவு தெரிந்தால் கழுவி, பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, நாலு நாள் காயவைத்துப் புது மண். வேப்பெண்ணெய்க் கரைசல் சாயங்காலம் அடிக்கலாம், அடித்துவிட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் போட்டுப் பொரித்த கதை. எறும்பையும் கவனியுங்கள், மாவுப்பூச்சியைத் தூக்கிவந்து குடிவைப்பதே அதுதான்.

இந்தப் பூச்சியின் சொந்தக்காரப் பூச்சி ஒன்று நம் ஊருக்கு நல்லதும் செய்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளி வயலும் மேய்ச்சலும் தெரியாமல் மண்டிக்கிடந்த காலத்தில், 1926ல் இலங்கையிலிருந்து கொச்சினீல் என்கிற பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷத்தில் கள்ளிக்காடு சுருண்டு விழுந்தது. அந்தக் காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதனால் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சைப் பார்த்தால் நசுக்கிப் பாருங்கள், ரத்தச்சிவப்பாக வந்தால் அந்த ஆள்.

யாழ் வாசகன்: அக்கா, இஞ்ச எங்கட வீட்டில அம்மா கள்ளி வேண்டாம் எண்டு நிக்கிறா. கள்ளிப்பால் கண்ணில பட்டா பார்வை போகுமாம். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு.

அம்மா சொல்வது சரி, ஆனால் வேறு செடியைப் பற்றி. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி இவைதான் பால் வடிக்கிற கள்ளிகள், அந்தப் பால் கண்ணுக்கு ஆபத்து, குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அவை ஆமணக்குக் குடும்பம். நாம் பேசுவது அமெரிக்காவிலிருந்து வந்த தனிக் குடும்பம். வித்தியாசம் பார்க்க எளிய வழி, முள் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். முள் கொத்தின் அடியில் பஞ்சு வைத்த சின்னப் பொட்டு மாதிரி இருந்தால் அமெரிக்கக் கள்ளி, சப்பாத்திக்கள்ளி உட்பட. தோலிலிருந்து நேராக இரட்டையாக முளைத்தால் பெரும்பாலும் பால்கள்ளி. ஜிம்னோவை அறுத்தால் வெள்ளரிக்காய் மாதிரி தண்ணீர்தான் வரும். முள்ளுக்காக மட்டும் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

உங்கள் நாட்டுக்கே ஒரு பெருமை உண்டு. கள்ளிக் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கே சொந்தம், ஒரே ஒரு இனம் மட்டும், ரிப்சாலிஸ் பாசிஃபெரா, ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் காட்டில் இயற்கையாக இருக்கிறது. மரக்கிளையில் பச்சை நூடுல்ஸ் மாதிரி தொங்கும், வெள்ளையாகக் குட்டிக் குட்டிப் பழம் வைக்கும். அதையும் தேடிப் பாருங்கோ.

வாஸ்து நம்பிக்கையாளர்: வீட்டுக்குள் முள்செடி ஆகாது என்கிறார்களே. கம்ப்யூட்டர் கதிர்வீச்சை இழுக்கும் என்றும் சொல்கிறார்கள்.

இழுக்காது. ஆகாது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நீங்கள் பேசித் தீர்க்கவேண்டியது, என் வீட்டில் பால்கனி வீட்டுக்கு வெளியே என்று தீர்ப்பாகி அமைதி நிலவுகிறது.

பூ எதிர்பார்ப்பவள்: மூன்று வருஷமாகப் பூக்கவில்லை. கடையில் வாங்கும்போது மேலே ஒரு மஞ்சள் பூ இருந்தது, அது மட்டும் இன்னும் வாடவே இல்லை.

மூன்று வருஷமாக வாடாத பூவா! அது காய்ந்த பூவையோ காகிதப் பூவையோ சூடான பசையில் ஒட்டினது. பலபேர் ஏமாந்திருக்கிறார்கள், வெட்கப்படாதீர்கள். பிய்த்து இழுத்தால் நுனிவளர்ச்சி சேர்ந்து வந்துவிடும், இதழ்களை மட்டும் கத்தரித்துவிடுங்கள். பசை பக்கத்தில் கிடக்கட்டும், செடி வளர வளரத் தானே தள்ளிவிடும்.

நிஜப் பூ நாலைந்து செ.மீ. நீளம், பச்சை கலந்த மங்கல் மஞ்சள், பிரெட்ரிச்சி வகையில் இளஞ்சிவப்பு. உச்சியை ஒட்டியே வரும், பகலில் விரிந்து ராத்திரி மூடி, சில நாள் நீடிக்கும். உங்கள் செடி பூக்காததற்கு ஓய்வு இல்லாததே காரணமாக இருக்கும். மார்கழி, தையில் தண்ணீரை அநேகமாக நிறுத்திப் பாருங்கள், செடி கொஞ்சம் சுருங்கினாலும் மனசை இறுக்கிக்கொள்ளுங்கள். மாசி கடைசியில் திரும்ப ஊற்றி, தழைச்சத்து குறைந்த உரம், பாக்கெட்டில் சொன்னதில் கால்பங்கு. சித்திரையில் மொட்டு தெரியலாம்.

விதை வேண்டுமென்றால் இரண்டு தனிச்செடி வேண்டும், பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. மெல்லிய பிரஷ்ஷால் மாற்றி மாற்றித் தடவுங்கள். காய் முற்றி நெடுக்காக வெடிக்கும். விதை கடுகைவிடச் சின்னது, மண்ணை ஆவியில் வேகவைத்து ஆறவைத்து, மேலே தூவுங்கள், மூடவேண்டாம், தொட்டியோடு ஜிப் பைக்குள் போட்டு வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை ஜவ்வரிசி மாதிரி முளைக்கும். அவை பூக்க இன்னும் மூன்று வருஷம்.

சிங்கப்பூர் பால்கனி: எல்.பி. 2178 என்று ஒரு வகைக்கு விலை தாறுமாறாகச் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா? இந்தியாவுக்கு எடுத்துப்போகலாமா?

எல்.பி. என்பது லுட்விக் பெர்ஹ்ட் என்ற ஆய்வாளரின் பெயரெழுத்து, 2178 அவர் சேகரித்த எண். பராகுவேயில் அகுவா துல்சே பகுதிச் செடி. பட்டைகள் எலும்புக்கூடு மாதிரி அழுத்தமாகத் தெரியும், அதனால்தான் மோகம். தாய்லாந்துக்காரர்கள் அதைக் கலந்து கலந்து வளர்த்ததில் இன்று சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி கலப்பு. பட்டை பிடித்திருந்தால் பட்டைக்குக் காசு கொடுங்கள், எண்ணுக்குக் கொடுக்காதீர்கள். குட்டி நாற்றாக வாங்குங்கள், வளரும்போது பட்டை தெளிவதைப் பார்ப்பதில் பாதி சுகம்.

கொண்டுபோவது பற்றி: ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளும் சைட்டீஸ் என்ற உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உண்டு, அனுமதிச்சீட்டு வேண்டும், இந்தியாவுக்குள் நுழையத் தாவர நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் தனி. வேடிக்கை என்னவென்றால், டிராகன் பழக்கொடியில் ஒட்டிய பச்சையமில்லாத சிவப்பு உருண்டைக்கு அந்தப் பட்டியலிலேயே பெயர் சொல்லி விலக்கு கொடுத்திருக்கிறார்கள், காட்டிலிருந்து அதை யாரும் திருட முடியாதே. தாவர நலச் சான்று அதற்கும் வேண்டும். பெட்டிக்குள் சாக்ஸில் சுற்றிக் கொண்டுபோகிற யோசனைக்கு நான் ஆள் இல்லை. சாக்கோ காட்டை மாட்டுப்பண்ணைக்காக வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், இருப்பதையாவது நேர்வழியில் வளர்ப்போம்.

ஊட்டி பனிமூட்டம்: இங்கே ஜனவரியில் உறைபனி விழும். தாங்குமா?

சொந்த வேரில் நிற்கிற பச்சைச் செடி, மண் காய்ந்திருந்தால் ஐந்து டிகிரிவரை தாங்கும். கண்ணாடி அறைக்குள் வைத்துவிடுங்கள், நமக்கு இல்லாத குளிர் ஓய்வு உங்களுக்குக் கிடைக்கிறது, எங்களைவிட நன்றாகப் பூக்கும். ஒட்டுச்செடி வேண்டாம், பத்து டிகிரிக்குக் கீழே டிராகன் தண்டு பொறுக்காது.

குழம்பிய உள்ளம்: அடிப்பாகம் மரப்பட்டை மாதிரி பழுப்பாகிறது. அழுகலா?

கெட்டியாக இருந்தால் வயசு. எனக்கும்தான் முழங்கை அப்படி இருக்கிறது.

மாடித்தோட்டக்காரன், தாம்பரம்: அக்கா, நீங்கள் சொன்னபடி இன்றைக்கே அறுத்தேன். உருண்டையின் அடியில் வளையத்தில் ஆரஞ்சுப் புள்ளி இரண்டு தெரிகிறது. டிராகன் தண்டு பக்கத்து வீட்டில் கிடைத்துவிட்டது. ஒட்டிவிடவா?

நில்லுங்கள், ஒட்டாதீர்கள். அந்தப் புள்ளி தண்டிலிருந்து ஏறிவந்த அழுகல். இன்னும் இரண்டு மில்லிமீட்டர் சீவுங்கள், பிளேடைத் துடைத்துவிட்டு. புள்ளி இருந்தால் மறுபடி சீவுங்கள், உருண்டை பாதியானாலும் பரவாயில்லை. மேலே ஓரத்தில் குட்டி உருண்டை ஏதாவது முளைத்திருந்தால் அதைத் தனியாகக் கிள்ளி எடுத்து இன்னொரு தண்டில் ஒட்டிவையுங்கள், பெரியது போனாலும் அது நிற்கும். தண்டின் நுனி ரொம்ப இளசாக இருந்தால் சதை சுருங்கும், நுனியிலிருந்து ஒரு சாண் கீழே வெட்டுங்கள். தண்டு இன்றைக்குத்தான் வெட்டியது என்றால் அதற்கு இன்னும் வேர் இல்லை, பரவாயில்லை, ஒட்டியபின் அடிவெட்டு காயட்டும், பத்து நாள் கழித்து நட்டுக்கொள்ளலாம். அதுவரை தொட்டி கிடையாது, ரப்பர் பேண்டுக்கு ஆதாரம் வேண்டுமே, தண்டின் இரண்டு பக்கமும் முள் கண்ணில் மாட்டி இழுத்துக் கட்டுங்கள்.

இப்போது வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள், ட்யூப்லைட்டில் ஆரஞ்சுப் புள்ளி தெரியாது.